4 கோடி சரிபார்ப்பு என்றால் 4 கோடி துப்பாக்கியா?

கேள்வி: 2020இல் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 4 கோடி துப்பாக்கி விற்றதாக ஒரு செய்தியில் படித்தேன். ஆதாரமாக எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சரிபார்ப்பு எண்ணிக்கையைக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் டெக்சஸுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. இங்கே அக்கம்பக்கத்துப் பேச்சிலும் இதே எண் அடிபடுகிறது. இதை அப்படியே நம்பலாமா?

பதில்: அப்படியே நம்ப முடியாது. எஃப்.பி.ஐ. பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை. 2020இல் அவர்களிடம் வந்த சரிபார்ப்புகள் 3,96,95,315. ஒழுங்காக எண்ணி வெளியிட்ட எண்தான். ஆனால் அவர்கள் எண்ணியது “இந்த ஆளுக்குத் துப்பாக்கி கொடுக்கலாமா?” என்று தங்களிடம் கேட்கப்பட்ட தடவைகளை. எத்தனை துப்பாக்கி கைமாறியது என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை அமெரிக்கா முழுவதற்கும் யாரும் எடுப்பதில்லை. துப்பாக்கி உரிமையாளர்களின் பதிவேட்டை மத்திய அரசு வைக்கக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது. தான் வெளியிடும் பட்டியலிலேயே எஃப்.பி.ஐ. இதை எழுதி வைத்திருக்கிறது: இவை விற்ற துப்பாக்கிகளின் எண்ணிக்கை இல்லை, ஒரு சரிபார்ப்புக்கு ஒரு விற்பனை என்று பொருத்திப் பார்க்க முடியாது என்று. செய்தி எழுதுகிறவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் மிச்சமெல்லாம் தானே விளங்கிவிடும். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

1981 மார்ச் 30ஆம் தேதி வாஷிங்டன் ஹில்டன் ஹோட்டல் வாசலில் அதிபர் ரீகனைச் சுட்டார்கள். ரீகன் பிழைத்தார். அவருடைய பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடிக்குத் தலையில் குண்டு பாய்ந்து, வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலி என்றாகிவிட்டது. அவர் பெயரில் வந்த சட்டத்தில் கிளின்டன் 1993 நவம்பர் 30 அன்று கையெழுத்திட்டார். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1998 நவம்பர் 30 அன்று, உடனடிச் சரிபார்ப்பு முறை நடைமுறைக்கு வந்தது. சுருக்கமாக ‘நிக்ஸ்’ என்பார்கள். மேற்கு வர்ஜீனியாவில் கிளார்க்ஸ்பர்க் என்ற ஊரில் எஃப்.பி.ஐ. அதை நடத்துகிறது. கொடுக்கக் கூடாத கைக்குத் துப்பாக்கி போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. விற்பனையை அளப்பதற்காக யாரும் அதைக் கட்டவில்லை.

இப்போது கடைக்குள் போய்ப் பார்ப்போம். லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடை. ஒருவர் கைத்துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். கடைக்காரர் 4473 என்ற படிவத்தை நீட்டுகிறார். பெயர், முகவரி, பிறந்த ஊர், உயரம், எடை, எல்லாம் எழுத வேண்டும். அப்புறம் வரிசையாக ஆம், இல்லை கேள்விகள். இதை உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா? பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றிருக்கிறீர்களா? வீட்டு வன்முறை வழக்கு உண்டா? கஞ்சா பழக்கம் உண்டா? கையெழுத்துப் போட்டதும் கடைக்காரர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, கணினியிலோ தொலைபேசியிலோ விவரத்தை அனுப்புகிறார். சில மாநிலங்களில் இது மாநில போலீஸ் வழியாகப் போகும். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும்: கொடுக்கலாம், பொறு, கொடுக்காதே. இந்த மூன்றில் எது வந்தாலும் கணக்கில் ஒன்று ஏறிவிடும். ‘கொடுக்காதே’ என்று வந்ததும் ஒன்றுதான். ‘கொடுக்கலாம்’ என்று வந்த பிறகு விலையைக் கேட்டு மனம் மாறி அவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாலும் ஒன்றுதான். ஒரு சரிபார்ப்பு 30 நாள் செல்லும். அதற்குள் எடுத்துக்கொள்ளாமல் இரண்டாம் முறை வந்தால் மறுபடி ஒன்று.

அந்த அழைப்பில் எஃப்.பி.ஐ.க்குப் போகிற தகவலையும் கவனியுங்கள். கைத்துப்பாக்கியா, ரைஃபிள், ஷாட்கன் மாதிரி நீளத் துப்பாக்கியா, வேறு வகையா என்பது மட்டும் போகும். எந்தக் கம்பெனி, என்ன மாடல், வரிசை எண் என்ன, எத்தனை என்பதெல்லாம் போகாது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் நான்கு கைத்துப்பாக்கி வாங்கினாலும் ஒரே சரிபார்ப்புதான். எஃப்.பி.ஐ. பட்டியலில் ‘பல’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பலரும் அதைப் ‘பல துப்பாக்கி’ என்று படித்துவிடுகிறார்கள். உண்மையில் பல வகை கலந்து வாங்கியதைத்தான் அது குறிக்கிறது, ஒரு கைத்துப்பாக்கியும் ஒரு ரைஃபிளும் என்பது போல. நம்முடைய நான்கு கைத்துப்பாக்கிக்காரர் கைத்துப்பாக்கிக் கட்டத்தில் வெறும் ‘1’ ஆகத்தான் நிற்பார்.

இது எண்ணைக் குறைத்துக் காட்டும் பிழை. எதிர்ப்பக்கத்தில், எண்ணை ஊதிப் பெருக்குவது ஒன்று இருக்கிறது. அது மிகப் பெரியது.

கென்டக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் அந்த மாநிலத்தில் பதிவான சரிபார்ப்புகள் 36 லட்சத்துக்கும் மேல். மாநிலத்தின் மக்கள்தொகை அப்போது சுமார் 44 லட்சம், குழந்தை குட்டிகளையும் சேர்த்து. அதே ஆண்டு, கிட்டத்தட்ட 2.8 கோடிப் பேர் வாழும் உங்கள் டெக்சஸில் சுமார் 17 லட்சம்தான். எண்ணை மட்டும் பார்க்கிற ஒருவர், கென்டக்கியில் வீட்டுக்கு வீடு பீரங்கி வாங்கிக் குவிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். நடப்பது வேறு. அங்கே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல பெர்மிட் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் மாநில போலீஸ் மாதந்தோறும் நிக்ஸில் போட்டுப் பார்க்கிறது, இடையில் ஏதாவது குற்றத்தில் மாட்டியிருக்கிறாரா என்று. ஒருவர் பத்து வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு துப்பாக்கி வாங்கி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, அதற்கப்புறம் கடைப்பக்கமே போகாமல் இருக்கலாம். அப்போதும் வருடத்துக்குப் பன்னிரண்டு முறை அவர் பெயர் கணக்கில் ஏறும்.

நல்ல வழக்கம்தான். பெர்மிட் கொடுத்ததோடு மறந்துவிடாமல் தொடர்ந்து பார்ப்பது எல்லா மாநிலமும் செய்ய வேண்டியது என்பேன். ஆனால் அதற்கும் விற்பனைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இலினாயில் இதைவிடப் பெரிய அளவில் நடக்கிறது. அங்கே துப்பாக்கி வைத்திருக்கவே ஓர் அடையாள அட்டை வேண்டும். அட்டை வைத்திருப்பவர்களை மாநிலம் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறது. 2020இல் இலினாய் மட்டும் 74 லட்சத்தைத் தாண்டியது. கென்டக்கியையும் சேர்த்தால், அந்த வருடத்து 3.97 கோடியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இந்த இரண்டே மாநிலங்களிலிருந்து வந்தது. 2016 பிப்ரவரி முதல் இந்த மறுசரிபார்ப்புகளை எஃப்.பி.ஐ. தனிக் கட்டமாகக் காட்டுகிறது. அதனால் கழித்துப் பார்ப்பது சுலபம். செய்தி எழுதுகிறவர் ஒரே ஒரு கழித்தல் போட்டால் போதும். பெரும்பாலும் போடுவதில்லை.

துப்பாக்கித் தொழிலின் சங்கமான என்.எஸ்.எஸ்.எஃப். மாதாமாதம் அந்தக் கழித்தலைப் போடுகிறது. பெர்மிட் விண்ணப்பங்களையும் மறுசரிபார்ப்புகளையும் எடுத்துவிட்டு மிச்சத்தை ‘திருத்திய எண்’ என்று வெளியிடுகிறது. அவர்கள் துப்பாக்கி விற்கிற தரப்பு. அவர்களுடைய அரசியலோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் சந்தை எவ்வளவு என்று சரியாகத் தெரியாவிட்டால் முதலில் நஷ்டப்படுவது அவர்களுடைய உறுப்பினர்கள்தான் என்பதால், இந்த விஷயத்தில் அவர்கள் கணக்கை நான் மதிக்கிறேன்.

அந்தத் திருத்திய எண்ணை மொத்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016இல் மொத்தம் 2.75 கோடி, 2019இல் 2.84 கோடி. 2019 முடிந்ததும் ‘துப்பாக்கி விற்பனை இதுவரை இல்லாத உச்சம்’ என்று செய்திகள் வந்தன. திருத்திய எண்ணோ 2016இல் 1.57 கோடி, 2019இல் 1.32 கோடி. ஆறில் ஒரு பங்கு சரிவு. ஒபாமா காலத்தில், கட்டுப்பாடு வந்துவிடுமோ என்று பயந்து வாங்கினார்கள். டிரம்ப் வந்ததும் அந்தப் பயம் போய் வியாபாரம் படுத்தது. ரெமிங்டன் என்ற பழம்பெரும் கம்பெனி 2018 மார்ச்சில் திவால் மனு போட்டது இந்தச் சரிவுக் காலத்தில்தான். கம்பெனி திவாலாகிறது, செய்தியில் சாதனை விற்பனை. எண்ணைத் தப்பாகப் படித்தால் இப்படித்தான் ஆகும்.

பலர் எதிர்பார்க்காத ஒன்றும் இதில் இருக்கிறது. மொத்த எண் எப்போதும் மிகைப்படுத்தும் என்று நினைத்துவிடாதீர்கள். அளவை மிகைப்படுத்தும், மாற்றத்தை மறைக்கும். 2019இலிருந்து 2020க்கு மொத்த எண் 40 சதவீதம் ஏறியது. திருத்திய எண் 1.32 கோடியிலிருந்து 2.1 கோடிக்கு, கிட்டத்தட்ட 60 சதவீதம். கொரோனாப் பயம், ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகான கொந்தளிப்பு, தேர்தல், எல்லாம் சேர்ந்து வந்த அந்த ஓட்டம் செய்திகள் சொன்னதைவிட வேகமானது. அடுத்த வருடம் மொத்த எண் 2 சதவீதம்தான் இறங்கியது. திருத்திய எண் 12 சதவீதம் இறங்கி 1.85 கோடிக்கு வந்தது. மாதக் கணக்கு இன்னும் மோசம். வரலாற்றிலேயே அதிகச் சரிபார்ப்பு நடந்த மாதம் என்று 2021 மார்ச்சைச் சொல்வார்கள், கிட்டத்தட்ட 47 லட்சம். அதில் பத்து லட்சத்துக்கும் மேல் இலினாயின் மறுசரிபார்ப்பு மட்டும். திருத்திப் பார்த்தால் அந்த மாதம் சுமார் 20 லட்சம்தான், முந்தைய ஆண்டு மார்ச்சின் சுமார் 24 லட்சத்தைவிடக் குறைவு.

சரி, அப்போது திருத்திய எண்ணை நம்பிவிடலாமா? அதிலும் ஓட்டைகள் உண்டு.

முதல் ஓட்டை, சரிபார்ப்பே இல்லாமல் கடையில் நடக்கிற விற்பனை. பல மாநிலங்களில் பெர்மிட் வைத்திருப்பவர் கடையில் அதைக் காட்டினால் போதும். 4473 படிவத்தை நிரப்ப வேண்டும், ஆனால் நிக்ஸுக்கு அழைப்பு போகாது. எந்த மாநிலத்துப் பெர்மிட் இதற்குச் செல்லும் என்பதை துப்பாக்கிக் கடைகளைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். என்ற மத்திய அமைப்பு முடிவு செய்கிறது, முடிவை மாற்றவும் செய்கிறது. அலபாமாவின் பெர்மிட்டை 2019 ஜூலையிலும் மிச்சிகனுடையதை 2020 மார்ச்சிலும் இந்தச் சலுகையிலிருந்து எடுத்தார்கள், பெர்மிட் கொடுக்கும்போது ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை என்று. அன்றுவரை கணக்கில் வராத விற்பனை மறுநாளிலிருந்து கணக்கில் வரத் தொடங்கியது. மிச்சிகனின் மாதத்தைப் பாருங்கள், 2020 மார்ச். கொரோனா ஓட்டம் தொடங்கிய அதே மாதம். மிச்சிகனில் அப்போது ஏறிய எண்ணில் பயத்தால் வாங்கியது எவ்வளவு, விதி மாறியதால் தெரிந்தது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்.

இரண்டாவது, வட கரோலினா கதை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே கைத்துப்பாக்கி வாங்க வேண்டுமானால் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிஃபிடம் போய் ஐந்து டாலர் கட்டி ஒரு பெர்மிட் வாங்க வேண்டியிருந்தது. ஒரு பெர்மிட்டுக்கு ஒரு துப்பாக்கி. ஷெரிஃப் அலுவலகம் சரிபார்த்துவிடும் என்பதால் கடையில் தனிச் சரிபார்ப்பு கிடையாது. ஆகவே அந்த மாநிலத்தில் விற்ற கைத்துப்பாக்கிகள் ‘கைத்துப்பாக்கி’ கட்டத்தில் ஏறவே இல்லை, ‘பெர்மிட்’ கட்டத்தில்தான் ஏறின. என்.எஸ்.எஸ்.எஃப். பெர்மிட்டைக் கழித்துவிடுமே! அப்படியானால் அமெரிக்காவின் பத்துப் பெரிய மாநிலங்களில் ஒன்றின் கைத்துப்பாக்கி விற்பனை அப்போதெல்லாம் திருத்திய எண்ணில் ஏறக்குறைய இல்லவே இல்லை. 2023 மார்ச் 29 அன்று, ஆளுநரின் தடையையும் மீறி, சட்டமன்றம் அந்தப் பெர்மிட் முறையை ஒழித்தது. கடையிலேயே நிக்ஸ் என்று ஆனது. ஒரே இரவில் எண்கள் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவின. கடையில் கூட்டம் ஒன்றும் அப்படி மாறிவிடவில்லை.

பட்டியலைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். ஒரு மாநிலத்தின் கோடு திடீரென்று செங்குத்தாக ஏறினால் மக்கள் மனம் மாறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த மாதம் என்ன சட்டம் மாறியது என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவது, தனியார் கைமாற்றம். அமெரிக்க மத்திய சட்டப்படி லைசென்ஸ் உள்ள கடைக்காரருக்குத்தான் சரிபார்ப்புக் கடமை. பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய ரைஃபிளை உங்களுக்கு விற்றால் மத்திய அரசு கேட்பதில்லை. கலிஃபோர்னியா, கொலராடோ, வாஷிங்டன் மாதிரி சில மாநிலங்கள் மட்டும் தனியார் விற்பனையையும் கடை வழியாகவோ போலீஸ் வழியாகவோ செய்யச் சொல்கின்றன. இப்படிப் பார்வைக்கு வராமல் போவது எவ்வளவு? 1994இல் எடுத்த ஒரு சிறு ஆய்வை வைத்து 40 சதவீதம் என்று இருபது வருடத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015இல் எடுத்து 2017இல் வெளிவந்த தேசிய ஆய்வு, முந்தைய இரண்டு ஆண்டுகளில் துப்பாக்கி பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் சரிபார்ப்பு இல்லாமல் பெற்றதாகக் கண்டது. 40ஐவிடக் குறைவுதான். ஆனாலும் ஐந்தில் ஒருவர்.

அடகுக் கணக்கும் ஒன்று உண்டு. நம் ஊரில் பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் நகை அடகுக்குப் போவது மாதிரி, அங்கே பணமுடை வந்தால் துப்பாக்கியை அடகு வைப்பார்கள். பணத்தைக் கட்டி மீட்கும்போது, அது அவருடைய சொந்தத் துப்பாக்கியாகவே இருந்தாலும், ஒரு சரிபார்ப்பு. புதிதாக ஒரு துப்பாக்கிகூட உலகத்தில் சேரவில்லை, கணக்கில் மட்டும் ஒன்று சேர்ந்திருக்கும்.

இத்தனை குளறுபடி எதற்கு, விற்றதை நேரடியாக எண்ணிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நான் கோபப்படும் இடம் இதுதான். 1986இல் வந்த ஒரு சட்டம், துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேடு எதையும் மத்திய அரசு உருவாக்கக் கூடாது என்கிறது. ‘கொடுக்கலாம்’ என்று பதில் சொன்ன சரிபார்ப்பில், வாங்குபவர் யார் என்ற விவரத்தை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். 4473 படிவங்கள் கடைக்காரரிடமே கிடக்கும். கடை மூடினால்தான் அவை பெட்டி பெட்டியாக மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரிலுள்ள ஏ.டி.எஃப். மையத்துக்குப் போகும். அங்கே படமெடுத்து வைப்பார்கள். ஆனால் பெயரைப் போட்டுத் தேடும்படி அமைக்க அனுமதி இல்லை. காகிதம் அவ்வளவு சேர்ந்து, கட்டடத்தின் தளம் பாரம் தாங்காது என்று கப்பல் கன்டெய்னர்களில் போட்டு வெளியே வைத்த காலமும் உண்டு. கொலை நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று கண்டுபிடிக்க, இன்றும் தயாரித்த கம்பெனி, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

பதிவேடு வந்தால் நாளைக்கு அரசு வீடு வீடாக வந்து பறிமுதல் செய்யும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் பெயரே இல்லாமல், இந்த மாதம் இந்த மாவட்டத்தில் இத்தனை விற்றது என்று வெறும் எண்ணிக்கை எடுத்தால் யாருடைய உரிமையும் போய்விடாது. 2020இல் மட்டும் 45,222 பேர் துப்பாக்கியால் இறந்த நாடு இது. அவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. புதிதாக வாங்கிய வீடுகளில் என்ன நடக்கிறது, எந்த ஊரில் திடீரென்று கூடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எப்படித் தடுப்பது?

ஆக, நேர்க்கணக்கு இல்லாத இடத்தில் சுற்றிவளைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு வழி, உற்பத்தியைப் பார்ப்பது. 2020இல் அமெரிக்காவில் தயாரானவை சுமார் 1.13 கோடி. இறக்குமதி சுமார் 68 லட்சம். இரண்டும் சேர்ந்து 1.81 கோடி, அதில் கொஞ்சம் ஏற்றுமதியாகும். திருத்திய எண் 2.1 கோடி. இடையில் இருக்கும் வித்தியாசத்தைப் பழைய துப்பாக்கி விற்பனையும், கடைகளில் காலியான இருப்பும், அடகு மீட்பும் விளக்கிவிடும். கணக்கு ஓரளவு உட்காருகிறது. அதே இடத்தில் 3.97 கோடியை வைத்துப் பாருங்கள். மிச்சம் 2 கோடிக்கும் மேலான துப்பாக்கி எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது? அவ்வளவு செய்யும் கூடங்களே அந்த நாட்டில் இல்லை. உங்கள் கேள்விக்கு இந்த ஒரு கணக்கே போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

கலிஃபோர்னியா இன்னொரு வழி. அங்கே ஒவ்வொரு விற்பனையையும் மாநில நீதித்துறையே பதிவு செய்கிறது, 2014 முதல் நீளத் துப்பாக்கியையும் சேர்த்து. அந்த மாநிலத்துக்கு மட்டும் நிக்ஸை விட்டுவிட்டு அந்தப் பதிவைப் பார்ப்பது நல்லது. தேசம் முழுவதற்கும் என்றால், யுர்கன் பிரவர் என்ற பொருளாதார அறிஞர் ஒரு பெருக்கல் முறை சொன்னார். கைத்துப்பாக்கிச் சரிபார்ப்பையும் நீளத் துப்பாக்கிச் சரிபார்ப்பையும் 1.1ஆலும் ‘பல’ கட்டத்தை 2ஆலும் பெருக்க வேண்டும். ஒரு மாதத்தில் முறையே 100, 80, 5 சரிபார்ப்பு என்றால் 110, 88, 10, ஆக மொத்தம் 208 துப்பாக்கி. தோராயம்தான். சரிபார்க்காமல் போன விற்பனை இதில் வராது. ஆனாலும் மொத்த எண்ணை அப்படியே தூக்கிப் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

இத்தனை சொன்னதால் நிக்ஸ் எண் உபயோகமற்றது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே இடத்தில், ஒரே கட்டத்தில், ஒரே சட்டம் இருக்கிற காலத்துக்குள் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க அதைப் போல வேறு எதுவும் இல்லை. தயாரிப்புக் கணக்கு வெளிவர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நிக்ஸ் எண் மாதம் முடிந்த சில நாளில் வந்துவிடும். 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். இனித் தடை வரும் என்று பயந்து மக்கள் கடைக்கு ஓடினார்கள். அந்த டிசம்பரில் 27.8 லட்சம் சரிபார்ப்பு. வெல்ஸ்லி கல்லூரியின் லெவைன், மெக்நைட் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் வழக்கமான போக்குக்கு மேல் ஏறியதை மட்டும் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஐந்து மாதத்தில் கூடுதலாக 30 லட்சம் துப்பாக்கி விற்றிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அதே காலத்தில் தவறுதலாக வெடித்து இறந்தவர்களைப் பார்த்தால், வழக்கத்தைவிட சுமார் 60 பேர் அதிகம். அவர்களில் 20 பேர் குழந்தைகள். மாதாமாதம் ஒரே மாதிரி வரும் கென்டக்கி மறுசரிபார்ப்பு இந்த முறையில் தானாகக் கழிந்துவிடும். எண்ணின் குறையைத் தெரிந்துகொண்டு அதைக் கையாண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மாதங்களை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. நவம்பர், டிசம்பரில் எப்போதும் கூடும், கோடையில் இறங்கும். 2017 நவம்பரில், பிளாக் ஃப்ரைடே என்ற தள்ளுபடி வெள்ளிக்கிழமை ஒரே நாளில் 2,03,086 சரிபார்ப்பு நடந்தது. அதனால் டிசம்பரை நவம்பரோடு ஒப்பிடாமல் முந்தைய ஆண்டு டிசம்பரோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக உங்கள் டெக்சஸ். எஃப்.பி.ஐ. தளத்தில் மாதம், மாநிலம், வகை என்று பிரித்த பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். டெக்சஸ் வரிசையில் ‘பெர்மிட்’ கட்டத்தை விட்டுவிட்டு, கைத்துப்பாக்கி, நீளத் துப்பாக்கி, ‘பல’ மூன்றையும் பாருங்கள். அங்கே பெர்மிட் வைத்திருப்பவருக்குக் கடையில் நிக்ஸ் தேவையில்லை. ஆகவே உண்மை விற்பனை அந்த எண்ணைவிட அதிகம். 2021 செப்டம்பர் 1 முதல் பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று ஆகிவிட்டது. பெர்மிட் வாங்கும் ஆட்கள் குறைந்தால், முன்பு கணக்கில் வராதவர்கள் இப்போது கடையில் சரிபார்ப்புக்கு வருவார்கள். அதனால் அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் போட்டு ஒப்பிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த முறை 4 கோடி என்று சொன்னால், கென்டக்கி வரிசையை மட்டும் அவருக்குக் காட்டுங்கள்.